எமனுக்கு முன்னால் குபேரன்

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு பெண்ணும், மடியில் லேப்டாப்போடு ஒருவனும். ஒரே ஆபீஸ் போலிருக்கிறது.

“எமனுக்கு முன்னாடி குபேரனை எதுக்குடா ஓட்டினே?”

“டெஸ்ட்டுக்கெல்லாம் லிங்கம் பேரு வெச்சது நீங்க. கிரிவல வரிசைல ஓட்டச் சொன்னதும் நீங்க. எங்க ஊரு அடி அண்ணாமலை, அக்கா. நாங்க கிரிவலத்தை வீட்டாண்டயே ஆரம்பிச்சிடுவோம், அங்கேர்ந்து சுத்தினா எமனுக்கு முன்னாடி குபேரன்தான் வரும்.”

“இந்திரன் எல்லா மெஷின்லயும் ஃபைல் எழுதுவான். எமன் ஒரு மெஷினை சாவடிப்பான். அப்புறம்தான்டா குபேரன் ஃபைலெல்லாம் பத்திரமா இருக்குதான்னு பாக்கணும். எழுதறதுக்கு முன்னாடியே பாத்தா? மொத்தமும் காணோம்னு மேனேஜருக்கு மெசேஜ் போயிடுச்சு.”

“இந்திரன்லேர்ந்தே திரும்ப ஓட்டறேன்க்கா. நாளைக்குப் பௌர்ணமி லீவு...?”

“எல்லாம் பாஸ் ஆச்சுன்னா மலையைச் சுத்து. இல்லேன்னா ஆபீஸ்ல உக்காந்தே சுத்து.”