கறிக்கு வாங்கிய கொடுவா

பொன்னேரியில் கிளம்பிய பழவேற்காட்டுப் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போன வாரம் காசு குடுத்து மீன் வாங்குனேன்க்கா. யாராண்டயும் சொல்லாத."

வயதில் மூத்தவள் பதறிவிட்டாள். "லைட்ஹவுஸ் குப்பத்துல இருந்துகினு மீன் வாங்குனியா? போட்ல போறவன் கறிக்குன்னு ஒரு பங்கு எடுத்தார மாட்டானா?"

"எங்க வூட்டுக்காரரு எங்க போட்ல போறாரு? கடல்ல மெதக்குதே, மேல காத்தாடி, கீழ மீன் கூண்டு, அதுலதான் வேலை. மேல கரண்டு எடுக்கறான், கீழ மீன் வளக்கறான். இவரு மீனுக்குத் தீனி போடறாரு. ஒண்ணு எடுக்க வுட மாட்டான். கரைக்கு வரும்போது பைய தொறந்து பாக்கறான்."

"உன் கொழுந்தனக் கேட்டா குடுக்க மாட்டாரா?"

"கூண்டாண்ட வலை வுட்டா விசிலடிச்சித் தொரத்தறதே இவருதான். கூடப் பொறந்த தம்பி போட்டையே தொரத்திட்டாரு. அதுலேர்ந்து பேச்சு இல்ல. எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது?"

பேருந்து நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது. மூத்தவள் மெல்லக் கேட்டாள்:

"இன்னா மீனு?"

"கொடுவா. நம்மூர்ல வாங்குனா தெரிஞ்சிடும்னு பொன்னேரில வாங்குனேன். கொழம்பு வெச்சி, உங்க தம்பிதான் குடுத்தனுப்புனாருன்னு சொன்னேன். அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சிக்கா. அவசரமா வந்து குந்தினாரு."

"அப்புறம்?"

"ஒரு வாய் வெச்சாரு. 'இது தம்பி புடிச்சது இல்ல, நான் தீனி போட்டது'ன்னு கையக் கழுவிட்டாரு."