சத்துக்குளிசை

எனக்குச் சண்டை சச்சரவு பிடிக்காது, ஐயா. எங்கள் சிறையில் மருந்தறைப் பொறுப்பை ஏற்றுப் பதினொரு வருடம், ஒருவரையும் அதட்டியதில்லை.

கைதி கோகுலன் கண்டாவளைக்காரர். எச்.ஐ.வி. இருந்தது. வவுனியாக் கிளினிக்கில் மாதம் ஒரு போத்தல் குளிசை தருவார்கள். நாளுக்கு ஒன்று. தவறாமல் போட்டால் எல்லோரையும்போல நெடுங்காலம் வாழலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பார்வையிட வந்த தமக்கை ஜெயரூபி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம், சேர். தெரிஞ்சா உள்ளுக்க அவனோட ஒருத்தரும் கதைக்கமாட்டினம்."

வாக்குக் கொடுத்தேன். யாராவது கேட்டால் சத்துக்குளிசை என்றேன். சத்து என்றால் எங்கள் ஆட்கள் விடுவார்களா?

"அவருக்குச் சத்து, எங்களுக்குப் பருப்புத் தண்ணியோ, சேர்?" என்றார் மஸாஹிர்.

"கோகுலன் மாப்பிள்ளையாகப் போறார் போல," என்றார் பாலன்.

சிரித்துவிட்டு, மறுநாள் தங்களுக்கும் அந்தக் குளிசை வேண்டுமென்று சோற்றுத் தட்டைத் தொட மறுத்தார்கள். கோகுலனோடு சேர்த்து அந்தக் கூடத்தில் ஆறு பேர். போத்தலை முறை வைத்துப் பங்கிட்டேன். மற்ற ஐவருக்கும் வாரத்தில் ஆளுக்கொரு நாள். கோகுலனுக்கு இரண்டு நாள், அவர் பெயரில் வந்தது என்பதால்.

கூடம் அமைதியானது. பாலனுக்கு நல்ல நித்திரை வந்தது. தலைமயிர் அடர்த்தியாகிறதென்று மஸாஹிர் கண்ணாடி கேட்டார். ஒழுங்காகப் போடுகிறாரா என்று கிளினிக்கில் விசாரித்தபோது, போத்தல் மாதாமாதம் முடிகிறது என்றேன். அது பொய்யில்லை.

கோகுலன் வாய் திறக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பார்? பங்கிடத் தொடங்கி எட்டாம் மாதம் அவருக்கு இருமல் விடவில்லை; சாரம் இடுப்பில் நிற்கவில்லை. மருந்தறைக் கட்டிலில் கிடந்தபடி என் கையைப் பிடித்தார்.

"சொல்லிப்போடுங்கோ, சேர். எல்லாருக்கும் சொல்லுங்கோ. ஒருத்தரும் கிட்ட வராட்டிலும் பரவாயில்லை. என்ர குளிசையை எனக்கே தாங்கோ."

காய்ச்சல் நூற்று மூன்று. அந்த நிலையில் ஒருவர் பேசுவதைக் கேட்டு வாக்கை மீறலாமா? மறுநாள் பாலனின் முறை. பாலனுக்கே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை கோகுலன் இறந்துபோனார்.

கூடத்தில் ஒருவருக்கும் இன்றுவரை அவருடைய நோய் தெரியாது. ஜெயரூபியைக் கண்டால் அதைச் சொல்லுங்கள், ஐயா. ஆறுதலாக இருக்கும்.