பத்து விரல்கள்

குளிர் விட்டதும் ஆர்கனுக்குச் சளி பிடிக்கும், ஐயா. நாக்கு வைத்த குழல்கள் சுருதி விலகிவிடும். ஈஸ்டருக்கு முன்பு ஒருவர், குழல்கள் நிற்கும் அந்த வீட்டளவு பெட்டிக்குள் ஏறி அவற்றைத் திருத்துவார். இன்னொருவர் வெளியே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக்கொண்டிருப்பார்.

உள்ளே ஏறுகிறவர் கஸ்பர் லிண்டே, நாற்பது வருடமாக அரண்மனை ஆர்கன் வாசிப்பவர். அழுத்துகிறவன் நான், அவருடைய உதவியாள். வாசிக்க உட்கார்ந்தால் அவர் ஒரு சின்ன மெட்டை வலது கையில் ஓடவிடுவார். இடது கை அதைத் துரத்தும். கடைசியில் கால்கள் மிதிகட்டைகளில் இரண்டையும் மடக்கிப் பிடிக்கும். நம் கோமகன் தூங்காமல் கேட்கும் ஒரே சங்கீதம் அது.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். கஸ்பரின் மகளைக் கட்டுகிறவனுக்குத்தான் கஸ்பரின் வேலை. வேலை காலியானால்தான் கல்யாணம். டொரொதேயாவை எனக்கு நிச்சயம் செய்து ஒன்பது வருடம்.

"என்ன மாப்ளே, தலை நரைச்சிடுச்சு?" என்பார் கஸ்பர். "எனக்கு இன்னும் பத்து வருஷத்துக்குத் தெம்பு இருக்குய்யா."

"அப்பாவுக்கு முந்தி நீங்க போயிடுவீங்க போல," என்று டொரொதேயா சிரிப்பாள். பாவம், அவளுக்கும் முப்பத்தாறு ஆகிவிட்டது.

அதனால் வியாழக்கிழமை காலை, அவர் ஏறி நிற்கும் பலகையின் ஆணிகளைக் கழற்றிவைத்தேன். நான்கே ஆணி. பலகை சரிந்தது, அவர் விழவில்லை. முப்பதடி உயரத்தில் உத்தரத்தைப் பிடித்துத் தொங்கினார். எழுபது வயதுக்கு நல்ல பிடி.

"யோஸ்ட், ஏணியை எடுத்துட்டு வாய்யா," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பின்னறையில் ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்தியை மிதிக்கும் மத்தியாஸின் காதில் அது விழக்கூடாது என்று பத்து விரல்களாலும் கட்டைகளை அழுத்தினேன். அங்கேதான் பிசகிவிட்டேன். சுருதி பார்க்கும்போது எவனும் ஒரு கட்டைக்கு மேல் தொடமாட்டான். மத்தியாஸ் மிதிக்கிறவன்தான், செவிடன் இல்லை. அவன் எழுந்து வருவதற்குள் கஸ்பரின் கை விட்டுவிட்டது. அதுவரை நான் விரலை எடுக்கவில்லை.

ஆம், கொன்றது நான்தான். டொரொதேயாவுக்காகச் செய்தேன், வேறெதற்கும் இல்லை. அவள் இனி என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்கிறீர்கள். இருக்கட்டும்.

ஈஸ்டர் ஆராதனைக்கு யார் வாசிக்கிறார்கள், அதைச் சொல்லுங்கள்.