வெட்டிப் பாக்காத காளான்

தொடாதீங்க மேடம். ஃபோட்டோ எடுத்துக்குங்க, பறிக்க மட்டும் வேணாம். நான்தான் இந்த கெஸ்ட் ஹவுஸ்ல தோட்ட வேலை. ஃபோனு இன்னா காளான்னு சொல்லுது? ரெண்டு மூணு பேரு காட்டுதா? மேலால பாத்து அது மட்டும் எப்படிச் சொல்லும்.

இருங்க, நெடுக்கா வெட்டிக் காட்டறேன். உள்ள முழுக்க பன்னீர்க் கட்டி மாதிரி வெள்ளையா இருந்தா அது உருண்டைக் காளான். எங்க ஊரு அடி அண்ணாமலை, அங்க கொல்லைல இடி இடிச்சா மொளைக்கும், சின்ன வயசுலேர்ந்து தின்னுக்கினு இருக்கோம். இதைப் பாருங்க. நடுவுல காம்பு, ரெண்டு பக்கமும் மடிப்பு மடிப்பா. இது விஷக் குடைக்காளான் மேடம், இன்னும் விரியல, அவ்ளோதான்.

ஆஸ்பத்திரில ஒரு டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது. அதுக்கு முன்ன எனக்கு இன்னா தெரியும்? கொல்லைல யாரு வெட்டிப் பாத்தா? கண்ணால பாத்தே பறிப்போம். இந்தப் புல்லு, ஓனரு லாரில பாய் மாதிரி சுருட்டிக் கொண்டாந்து விரிச்சது. எந்த ஊரு மண்ணோ. அந்த யோசனை எனக்கு வரல பாருங்க.

போன ஐப்பசில இதே எடத்துல எட்டு உருண்டை. மூணாம் நம்பர் ரூம்ல இருந்த பொண்ணு ஃபோன்ல பாத்துட்டு, வேணாங்க்கா, சந்தேகமா காட்டுதுன்னுச்சு. நான் சிரிச்சேன். காளானைப் பத்தி எனக்கே பாடமான்னு கேட்டேன்.

மொளகு தட்டிப் போட்டு வறுத்து எங்க வூட்டுக்காரருக்கு வச்சேன். சட்டியைத் தொடைச்சுத் தின்னாரு. ரெண்டு மணி நேரத்துல வாந்தி, பேதி. நாலு நாள் குளுக்கோஸ். இல்ல இல்ல, பொழைச்சுக்கினாரு. நல்லாத்தான் கீறாரு.

நானா? நான் சாப்புடல. அன்னிக்கு பௌர்ணமி. அவரு முதுகு வலி தேவலையாவணும்னு வேண்டிக்கினு விரதம், மலை சுத்தணும். ஸ்டேஷன்லேர்ந்து வந்தவங்களும் இதத்தான் கேட்டாங்க, நீ ஏம்மா தின்னலன்னு. அந்தப் பொண்ணும் நடந்ததைத்தான் சொல்லிச்சு, நான் வேணாம்னேன், அக்கா கேக்கலன்னு. பொய்யா சொல்லிச்சு? கேஸெல்லாம் ஒண்ணும் ஆவல மேடம். அவங்க நான் சொன்னதை நம்பிட்டாங்க.

அவருதான் நம்பல. இன்னிக்கும் தட்டு வச்சா, மொதல்ல நான் ஒரு வாய் தின்னு காட்டணும். அப்பால சோறு ஆறுற வரைக்கும் என் மூஞ்சியவே பாத்துக்கினு உக்காந்திருப்பாரு. எனக்கு ஒண்ணும் ஆவலன்னு தெரிஞ்சாதான் கைய வப்பாரு.