ஐஸில் சறுக்கும் பிள்ளைக்கு ஒரு பூசை

புத்தூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் தேங்காயும் வாழைப்பழமும் வைத்த பனையோலைப் பெட்டி.

"லண்டனிலை இருக்கிற என்ரை தம்பியின்ரை மகள் ஐஸுக்கு மேலை சறுக்கி ஆடுறவள்," என்றார் அவர். "வாற போட்டியிலை இலங்கைக்காக ஆடப்போறாளாம்."

"அவள் இஞ்சை ஒருநாளும் வரேல்லையே, அக்கா."

"ஓம். தாய் வெள்ளைக்காரி எண்டு எங்கடை அப்பு தம்பியை வீட்டிலை சேர்க்கேல்லை."

"அப்பிடியிருந்தும் எங்கடை நாட்டுக்காகவோ?"

"அப்பிடித்தான் தம்பி சொல்லிவிட்டவன். பிள்ளை விழாமல் ஆடவேணும். அதுக்குத்தான் தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு ஒரு பூசை."

"உங்கடை ஊர்க் கோயிலிலையே அருச்சனை செய்திருக்கலாமே. தொண்டைமானாறு வரைக்கும் ஏன் போறியள்?"

மூத்தவர் பனையோலைப் பெட்டியை மடியில் நேராக்கி வைத்தார்.

"அங்கை ஐயர் பிள்ளையின்ரை நட்சத்திரம் கேப்பார். அவள் பிறந்த நேரம் நாங்கள் ஒருத்தரும் விசாரிக்கேல்லை. சந்நிதியிலை பூசாரிமார் வாயைத் துணியாலை கட்டிக்கொண்டுதான் பூசை செய்யிறவை. ஒண்டும் கேக்கமாட்டினம்."