ஜெனரல் பாகூ உக்காந்த இடம்

ஐயையோ, வேணாம் தாயி! முகம் அச்சடிச்ச துணிய மட்டும் எங்கிட்ட நீட்டாத. பூப் போட்டது, மீன் போட்டது, எதுன்னாலும் கொண்டா, தச்சுத் தர்றேன். முகம் ஆகாது. பட்டவ நானு... உக்காரு, சொல்றேன். முக்காலி ஆடும், பாத்து.

இந்த ஜெனரல் பாகூ இருந்தாரே... என்ன 'இருந்தாரே', ஓடினானே! அவன் முகத்த வச்சுத்தான் முப்பது வருசம் நான் கஞ்சி குடிச்சேன். வந்தப்ப வெறும் சார்ஜென்ட்டு. துப்பாக்கியோட வானொலி நிலையத்துக்குள்ள பூந்து ஆட்சியப் புடிச்சு, "ஆறே மாசம், அப்புறம் முகாமுக்கே திரும்பிடுவேன்"னான். துணியில அடிச்ச முதல் முகம் உள்ளங்கை அளவுதான் தாயி! கோழிக்குஞ்சுக் கழுத்து. சுதந்திர நாளுக்கு சுதந்திர நாள் புதுத் துணி வரும். சந்தைப் பொம்பளைங்க அத்தனை பேரும் அதத்தான் உடுத்தி ஊர்வலம் போவணும். போவாதவ கடைக்கு மறுநாள் பூட்டு. வருசா வருசம் முகம் பெருத்துச்சு, மெடல் பெருத்துச்சு, நரை மட்டும் ஒண்ணுகூட வரல!

தையக்காரிக்கு ஒரே சட்டம். முகம் நெஞ்சுல வரலாம், முதுகுல வரலாம். இடுப்புக்குக் கீழ வந்தா கம்பி எண்ணணும். நானும் ஒழுங்காத்தான் தச்சேன்... அட, அதோ மூலையில உக்காந்திருக்காரே, அது என் வீட்டுக்காரரு கொம்லா. பாகூவோட அரண்மனையில மேளக்காரரா இருந்தாரு. மாசாமாசம் அரிசி மூட்டை வரும். இப்ப? மேளத்தக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து, நான் கிண்டுற சோளக் களிய மட்டும் முழுங்குறாரு. எங்கூடப் பேச்சே இல்ல.

ஏன்னா... போன சுதந்திர நாளுக்கு வந்துச்சு பாரு துணி! அதுவும் கடைசி நேரத்துல. முகம் ஒண்ணொண்ணும் முறம் அளவு! நம்ம சந்தைக்காரிங்க உடம்புதான் தெரியுமே, மீன்காரி தேதேவுக்கு ரெண்டு சுத்து வேணும். எப்படி வெட்டினாலும் ஒரு முகம் இடுப்புக்குக் கீழ, பின்பக்கத்துல போயி உக்காருது. மாத்தி வெட்டினா மூக்கு ரெண்டாகுது, அதுக்கும் கம்பிதான். சரி, மேடைக்கு நேரா வர்றவளுக்குப் பின்னால யாரு பாக்கப் போறான்னு அத்தனை பேருக்கும் அப்படியே தச்சுத் தள்ளிட்டேன்.

புத்தி கெட்டவ! மேடையத் தாண்டிப் போனா பின்பக்கம் தெரியுமில்ல? முன்னூறு ஜெனரலு, இடமும் வலமும் ஆடிக்கிட்டு! தேதே நடக்க நடக்க அவ பின்னால இருக்குற ஜெனரலு கண்ணடிக்கிறாரு தாயி! முதல்ல ஒரு சிப்பாய் 'களுக்'குன்னான். அப்புறம் பக்கத்துல நின்னவன். அப்புறம் மைதானமே... முப்பது வருசம் அடக்கி வச்ச சிரிப்பு அடங்குமா? "சுடுங்கடா"ன்னு கத்துறான் பாகூ. சிரிக்கிறவன் கையில துப்பாக்கி நிக்குமா? பயம் அன்னைக்கே விட்டுப் போச்சு. மறுவாரம் ஊரே தெருவுக்கு வந்துச்சு, பொம்பளைங்க எல்லாம் அதே துணியில! பாலைவனத்துலேருந்து வர்ற ஹர்மட்டான் காத்து புழுதி அடிக்கிறதுக்குள்ள ஆளு விமானம் ஏறியாச்சு.

ஊரு என்னத் தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு. என்ன பிரயோசனம்? ஊர்வலம் போச்சு, துணி போச்சு, மேளம் போச்சு. என் சோத்துல நானே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேன்!

என்ன... இது புது ஜனாதிபதி முகமா? பதவியேற்பு ஊர்வலமா? சந்தைக்காரிங்க எல்லாருமா? மேளமும் உண்டா!... காட்டு. ம்ம். உள்ளங்கை அளவுதான். கழுத்தும் ஒல்லி. ஒரே தவணைதான் பதவியில இருப்பேங்கிறாரா? சொல்லட்டும், சொல்லட்டும். குடு இப்படி. யோவ் கொம்லா, மேளத்த நிமித்துய்யா!

நேரா நில்லு தாயி, அளவெடுக்கிறேன். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் இடம் விட்டே தைக்கிறேன். முகம் வளருமில்ல?