எதிரே வந்த கை

— பதினொண்ணாவது கேள்விலதாண்ணே மாட்டிக்கிட்டோம். 'லைசென்ஸ் தடையில் இருந்தபோது வண்டி ஓட்டியது ஏன்?'னு கேட்டிருக்கான். என்ன எழுதட்டும்?

— புத்தி கெட்டுப் போச்சுன்னு எழுது.

— ஒகோலா அண்ணே, விளையாடாதீங்க. இந்த ஃபாரத்தை நானே மூணு தடவை எழுதிக் கொடுத்தவன். ஒரு வார்த்தை பிசகினாலும் தூக்கிப் போட்டுடுவான்.

— அதான ஓமேரா உன்னைக் கூப்பிட்டேன். ஓமேரான்னு தம்பி முறை வச்சுக் கூப்பிடறது சும்மாவா? லைசென்ஸைத் தொலைச்சு திரும்ப வாங்கினவன் இந்த ஸ்டாண்டுல நீ ஒருத்தன்தானே. மண்டாசி பன்னைக் கடிச்சுக்கிட்டே எழுது, டீ ஆறுது.

— காரணம் சொல்லுங்க.

— வேன் முதலாளி அபூயாவோட டிரைவருக்குக் காய்ச்சல். வேன் நிறைய ஆளு உக்காந்தாச்சு, இறங்க மாட்டேங்கறாங்க. 'ஒரே ஒரு நடை, கெரிச்சோ வரைக்கும்'னு முதலாளி கெஞ்சினார். ரெண்டு வருஷமா ஸ்டீரிங் தொடாத கை, ஓமேரா. அரிச்சுது. ஏறிட்டேன்.

— கை அரிச்சதை எல்லாம் எழுத முடியாது. இன்னும் எத்தனை நாள் பாக்கி இருந்துச்சு?

— ஒம்பது. ஒம்பதே நாள்டா! காலண்டர்ல கிழிச்சுக்கிட்டே வந்தேன். நான் செஞ்ச மூணு தப்புக்கும் ரெண்டு வருஷம் உக்காந்தேன். வேகத்தைக் கட்டுப்படுத்தற கருவியைக் கழட்டினேன், ஆமா. பதினாலு பேர் வேன்ல இருபது பேரை அடைச்சேன், ஆமா. லாரியை இடது பக்கமா முந்தினேன், அதுவும் ஆமா. ஒண்ணையும் இல்லைன்னு சொல்லல.

— தடையில ஓட்டினதுதான் பெரிய தப்புண்ணே. பழைய மூணையும் இதோட சேர்த்துத்தான் பாப்பான். முதல்லேருந்து எண்ணுவான், அதுவும் ரெட்டிப்பா. அப்புறம் எல் போர்டு, கண் டாக்டர், போலீஸ் சான்று, பரீட்சை.

— நாலு வருஷம். எனக்கு இப்பவே அம்பத்தெட்டு. அறுபத்திரெண்டு வயசுக்காரன் கையில எவன் வேன் சாவி கொடுப்பான்? இந்த மனு தோத்தா நான் டிரைவர் இல்ல. அவ்வளவுதான்.

— ஆண்டவர் இருக்கார்ணே.

— அவர் அந்த ஆபீஸ்லயா வேலை பாக்கறார்? நீ எழுதுடா. 'எதிர்ல வந்த வேன் டிரைவர், ரோடு காலின்னு கை காட்டினார். நம்பிப் போய் போலீஸ்ல மாட்டினேன்.'

— அதை எழுதக் கூடாதுண்ணே! போலீஸுக்குத் தப்பிக்கிறதுக்கு நமக்குள்ள சைகை வச்சிருக்கோம்னு நாமளே எழுதிக் கொடுக்கறதா?

— அவனுக்குத் தெரியாதாக்கும். உள்ளங்கையைக் கீழ அமுக்கினா போலீஸ் நிக்குது, முன்னாடி வீசினா காலி. இந்த ரோட்டுல ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். அவன் கீழ அமுக்கியிருந்தா நான் அஹெரோவுலயே ஓரங்கட்டி, ஆளுங்களை வேற வண்டில ஏத்தியிருப்பேன். நல்லா வீசினான். ரெண்டு தடவை.

— யாருன்னு பாத்தீங்களா?

— வெயில் கண்ணு மேல அடிச்சுது. முகம் தெரியல.

— அப்ப விடுங்கண்ணே. எவனோ.

— எழுதிட்டியா? இப்ப பேரை எழுது.

— முகம் தெரியலைன்னீங்களே?

— முகம்தான் தெரியல. இருபது வருஷமா எதிர்ல பாத்துப் பழகின கை. எழுது. வசோங்கா. உன் பேரை எழுத உனக்குத் தெரியாதா?

— அண்ணே...

— பேனாவை ஏன் கீழ வச்சுட்டே?

— எனக்குத் தெரியாம...

— போலீஸைத் தாண்டி நூறு கஜம் கூட வந்திருக்க மாட்டே. தெரியாமயா?

— தெரியும். தெரிஞ்சுதான் வீசினேன்.

— ஏன்டா? நான் உனக்கு என்ன பண்ணினேன்?

— என்ன பண்ணினியா? இனிமே அண்ணேன்னு வாயில வராது எனக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி, அவாசி வளைவு. நான் அபூயா வேன்ல வர்றேன், நீ எதிர்ல வர்றே. எனக்கு ஏற்கெனவே ரெண்டு கேஸ். இன்னொண்ணு விழுந்தா லைசென்ஸ் போச்சுன்னு உனக்குத் தெரியும். நீ கையை முன்னாடி வீசினே. சிரிச்சுக்கிட்டே வீசினே. வளைவைத் திரும்பறேன், ரோட்டுக்குக் குறுக்கே ஆணிப்பலகை போட்டுக்கிட்டு நாலு போலீஸ்.

— வசோங்கா...

— இரு, முடிக்கிறேன். ஒரு வாரத்துல அபூயா வேன்ல நீ உக்காந்தே, என் சீட்டுல. நான் மூணு வருஷம் ஆத்துல மணல் அள்ளினேன். பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் நாப்பது வயசுல எல் போர்டு கட்டிக்கிட்டு, மீசை முளைக்காத பசங்களோட வரிசையில நின்னேன். ஒவ்வொரு தடவை ஃபெயில் ஆனப்பவும் உன் கைதான் கண்ணுல நின்னுது.

— ஏழு வருஷம் இதை மனசுல வச்சுக்கிட்டா என் வீட்ல மீனும் உகாலிக் களியும் தின்னே?

— தின்னேன். நல்லாவே இருந்துச்சு.

— ஒரு தடவை... ஒரே ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாமேடா.

— கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?

— நான் தாண்டி வந்தப்ப அந்த வளைவுல ஒரு போலீஸும் இல்லடா, ஓமேரா.